உள்ளேயா, வெளியேயா

பெயர்தான் கால்பந்து.
எங்கள் நாட்டில் அதில் கால் படுவது அபூர்வம்.
மூன்று மணிநேரம் பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடி
ஒருவனை ஒருவன் மண்ணில் சாய்த்து
கடைசியில் எல்லாவற்றையும் தீர்ப்பது
யாரோ ஒரு பையனின் வலது கால் என்றால்
எரியுமா எரியாதா?

வடக்கு டகோட்டா. ஆற்றுக்கு இந்தப் பக்கம்
கெல்வின் வேளாண் கல்லூரி.
அறுபது வருடமாக அதற்கு ரசிகன்.
அங்கே படித்தவனில்லை,
அதன் மாட்டுப்பண்ணைக்கு வைக்கோல் ஏற்றிப்போனவன்.
அது போதும்.

அந்தப் பக்கம் டன்மோர் ஆசிரியர் கல்லூரி.
நடுவில் ஒரு பாலம்,
பதினொரு மைல் சர்க்கரைக்கிழங்கு வயல்.
பங்காளிப் பகைக்கு அவ்வளவு தூரம் தாராளம்.
டன்மோர்க்காரன் கடையில் நான் ஒரு டயர் வாங்கியதில்லை.
தங்கை ஆர்டிஸ் அங்கே ஒருவனைக் கட்டிக்கொண்டாள்.
கல்யாணத்துக்குப் போனேன்.
கேக்கின் மேல் ஊதா கிரீம், அவர்கள் நிறம்.
பசியோடு வீடு திரும்பினேன்.

ஒரு வருடம்
எங்கள் பொலிகாளைக்கு ஊதாச் சாயம் பூசிவிட்டார்கள்.
பனி உருகும்வரை அது ஊதாவாகவே நின்றது,
வெட்கமில்லாமல்.
அடுத்த வருடம்
அவர்கள் வாத்தியக் குழுவின் பெரிய ஊதுகுழலுக்குள்
அரை வாளி அழுகிய மீன்.
யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது.
நான்தான்.

எழுபத்தொன்பது, நவம்பர்.
பதினான்கு, பன்னிரண்டு. நாங்கள் முன்னே.
நான்கு நொடி பாக்கி.
பனி குறுக்காகப் பெய்கிறது.
டன்மோரின் மூன்றாம் எண், ரோலன் ப்ரெக்கி,
ஒல்லிப் பயல்,
உதைத்தான்.

பந்து எழுந்தது.
வலது கம்பம் முடிகிற இடத்துக்கும் மேலே எழுந்தது.
கம்பம் இருக்கும்வரைதான் உள், வெளி.
அதற்கு மேல் வானம்.
வானத்தில் யார் கோடு போட்டது?
கண்ணாடியில் பனி அப்பிய நடுவர்
இரண்டு கையையும் தூக்கினார்.

என் பக்கத்தில் ஹார்லன் ட்வைட்.
சூடான காப்பியோடு ஃபிளாஸ்க்கை மைதானத்தில் எறிந்தான்.
ஈஸ்டர்வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.
பதினேழு வருடம் கழித்து
ஆஸ்பத்திரிக் கட்டிலில்
கடைசியாகச் சொன்னான்:
‘வெளியே.’
நர்ஸ் பாவம், கதவைத் திறந்துவிட்டாள்.
எனக்கு மட்டும் தெரியும்.

இந்த ஜனவரி, ராத்திரி பதினொரு மணி,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
வீட்டு உலை நின்றுவிட்டது.
எங்கள் ஊர் மெக்கானிக்குக் காய்ச்சல்.
கிடைத்தவன் டன்மோரிலிருந்து வந்தான்.
தொந்தி, நரைத்த புருவம்,
சட்டையில் தைத்த பெயர்: ப்ரெக்கி.

உலைக்கு முன்னால் முட்டிபோட
அவனுக்கு வலது முழங்கால் மடங்கவில்லை.
சந்தோஷப்பட்டேன்.
பிறகு அவ்வளவு சந்தோஷமில்லை.
டார்ச் பிடித்தேன்.
கை நடுங்கியது குளிரால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டேன்.

திரும்பாமலே சொன்னான்:
‘தெரியாது.
உதைத்ததும் உங்கள் ஆள் ஒருவன் மேலே விழுந்துவிட்டான்.
என் முகம் பனிக்குள்.
சத்தம் கேட்டது.
எந்தப் பக்கத்துச் சத்தம் என்றுகூடப் புரியவில்லை.
உள்ளே என்றார்கள்.
நானும் உள்ளே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
அதற்காக பாரில் எனக்கு எத்தனை பியர் தெரியுமா?’

நீலச் சுடர் பிடித்தது.
குழாய்கள் முனகின.
இருவரும் கொஞ்சநேரம்
கையுறையைக் கழற்றிக் காய்ந்துகொண்டு நின்றோம்.
நாற்பத்தைந்து வருடம் பார்த்தே இராத ஒன்றை
பார்த்ததாகச் சொன்னவன் அவன்.
நான் மட்டும்?
பனி. குறுக்காக. முப்பதாவது வரிசை.

பில் இருநூற்று நாற்பது டாலர்.
ராத்திரி நேரம், தனியாக அறுபது.
தள்ளுபடி கேட்கவில்லை, அவனும் தரவில்லை.
செக் எழுதினேன்.
கீழே மூலையில்
எதற்காக என்று குறிக்கும் சின்னக் கோட்டில்
கொட்டை எழுத்தில் எழுதினேன்:
வெளியே.

படித்தான்.
இரண்டாக மடித்துப் பையில் வைத்தான்.
வேன் பாலத்தைத் தாண்டும்வரை
ஜன்னலில் நின்றேன்.

ஆறு வாரமாகிறது.
இன்னும் அதை மாற்றவில்லை, கழுதை.