வெயில் சோதனை

நான்கு பெட்டி மை போடும் பிரிண்டர் மலிவு.
எட்டுப் பெட்டி போடுவதன் விலைக்கு
காருக்கு நான்கு பனிக்கால டயர் வாங்கலாம்.
ஹம்மர்ஃபெஸ்ட் கடையில் அஸ்லாக்
இரண்டிலும் ஒரே படத்தை அடித்துக் காட்டினான்.
எங்கள் படம்தான், நான் கொண்டுபோயிருந்தது:
நகரமன்ற வாசலில் மழைக்கு ஒதுங்கி
தோர்ஷெல்லும் நானும்.
கல்யாணப் பதிவு முடிந்து பத்து நிமிடம்.

சாய மைப் படம் பளிச்சென்றிருந்தது.
நிறமி மைப் படம் சற்று அடங்கி,
முந்தின நாள் தூங்காதவர் முகம்போல.

"சாயம் தாளுக்குள் ஊறிவிடும்" என்றான் அஸ்லாக்.
"நிறமி ஊறாது. பொடிப்பொடியாய் மேலே உட்கார்ந்திருக்கும்.
ஊறினது சீக்கிரம் போகும்,
உட்கார்ந்தது இருக்கும்."
எத்தனை வருஷம் என்றான் தோர்ஷெல்.
"நூறு என்று பெட்டியில் போட்டிருக்கிறது.
சட்டத்துக்குள், வெயில் படாமல்."
நூறு வருஷம் கழித்து யார் பார்க்கப்போகிறார்கள்?
அவன் சிரித்தான். அஸ்லாக்கும் சிரித்தான்.
நான் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதிக்காமல் எதையும் நம்புவதில்லை நான்.
மீன் ஆலையில் நாள் முழுக்க அதுதான் வேலை.
மே பதினேழு, கொடி ஊர்வலம் முடிந்த ராத்திரி
(ராத்திரி என்பது கடிகாரம் சொன்னது,
சூரியன் கடல்மேல் நின்றுகொண்டே இருந்தது)
சமையலறை ஜன்னலில் இரண்டு படங்களையும் ஒட்டினேன்.
ஒப்பிடுவதற்குப் பாதியை மறைக்க வேண்டுமே,
பால் அட்டையைக் கத்தரித்து
நெடுக்காக, இடப்பாதிமேல் பதித்தேன்.
அவ்வளவுதான். வேறொன்றும் யோசிக்கவில்லை.

எழுபத்திரண்டு நாள் சூரியன் இறங்கவில்லை.
கலைமான்கள் தெருவுக்குள் வந்து
பக்கத்து வீட்டு டூலிப்புகளை மேய்ந்துவிட்டுப் போயின.
கறுப்புத் திரை போட்டும் எங்களுக்குத் தூக்கமில்லை.
தூங்காதவர்கள் பேசுகிறார்கள்.
பேசாமலிருந்திருக்கலாம் என்பதையெல்லாம்.
ஜூலை பத்தில் அவன் பூடோவுக்குக் கப்பலேறினான்.
மூன்று பெட்டிகள், தூண்டில் கோல்.
காப்பிக் கெண்டி எனக்கு.

மாதக் கடைசியில் அட்டையை உரித்தேன்.

நிறமி மையில்
அட்டைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம்
என் கண்ணுக்கு வித்தியாசமில்லை.
சாய மையில்
மறைந்திருந்த பாதியில் நான்,
இரவல் வாங்கிய சிவப்புச் சால்வை சிவப்பாகவே.
வெயிலில் கிடந்த பாதியில் அவன்.
கன்னத்துச் சிவப்பைக் காணோம்,
உதட்டை, கோட்டின் மஞ்சள் பித்தானை.
பச்சை பாய்ந்த யாரோ ஒருவர்
என் தோள்மேல் கை போட்டிருக்கிறார்.
கை மட்டும் அட்டைக்குள் வந்திருந்ததால்
அப்படியே இருந்தது, விரல் நகம்வரை.

சாயம் வெளுத்தது என்று சொல்வதை
முதல்முறை அதன் நேர்ப்பொருளில் பார்த்தேன்.
சோதனை முடிவு என்று எழுதி அவனுக்கு அனுப்பினேன்.
"இங்குன், என்னை எதற்கு வெயிலில் விட்டாய்?"
வலது பக்கம் நின்றது நீதான் என்று தட்டி
அனுப்பாமல் அழித்தேன்.

எட்டுப் பெட்டியைத்தான் வாங்கினேன்.
பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு அஸ்லாக் சொன்னான்:
நிறமி சும்மா இருந்தால் காய்ந்து மூக்கடைத்துவிடும்,
வாரம் ஒருமுறை எதையாவது அடியுங்கள்.
நூறாண்டு நிற்பதற்கு வாராவாரம் கூலி.

நவம்பரில் சூரியன் போனது.
ஞாயிறு இல்லாத ஊரில் ஞாயிறுதோறும்
மெஷினைப் போட்டுவிட்டு நிற்கிறேன்.
இருக்கிற படங்களிலெல்லாம் இரண்டு பேர்.
ஆகவே மெஷினே வைத்திருக்கும் சோதனைப் பக்கத்தை அடிக்கிறேன்,
எட்டு நிறத்தில் படிக்கட்டுபோல் கோடுகள்,
எங்காவது ஒரு கோடு விட்டிருக்கிறதா என்று
விளக்கடியில் பிடித்துப் பார்ப்பதற்கு.
சாதாரணத் தாள் போதும்.
கை என்னவோ பருத்தித் தாளையே எடுக்கிறது.
இழுப்பறையில் ஒன்பது சேர்ந்துவிட்டன,
வெயில் படாமல்.
இவையும் நூறு வருஷம் இருக்கும்.