பதினாறாம் அலைவரிசை

மஜுரோ துறைமுகத்தில்
இரவுப் பணி பிலிமோனுக்கு.
காயலில் பதினேழு சூரைக் கப்பல்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் விளக்கு.
"கிழக்குத் தாரகை, கிழக்குத் தாரகை,
நங்கூரம் எடு."
கொரகொரப்பு மட்டும் திரும்பி வருகிறது.

மேசையில் ஆறிய வெள்ளைச் சோறு,
டப்பா இறைச்சி,
பாதி குடித்த ஆரஞ்சுத் தூள் பானம்.
அதனடியில் ஈரமாகிக்கொண்டிருக்கும் காகிதத்தில்
ஃபிஜியிலிருந்து வந்த செவிலி லித்தியானா
நேற்று எழுதிக் கொடுத்த எண்கள்.

பத்து வருடம் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது என்றாள்.
அதுதான் வினை.
வயிற்றுக்குப் பின்னால் கணையம்,
அதுவும் ஓர் இரவுப் பணியாள்,
யாருக்கும் சொல்லாமல்
குரலை உயர்த்திக்கொண்டே இருந்திருக்கிறது.
ஒரு தரம் சொன்னால் போதுமென்றிருந்ததை
இரண்டு தரம், நான்கு தரம்,
தொண்டை கிழிய.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்றும் சொல்ல முடியாது.
தொடைத் தசையின் செல்லுக்குக் காது கேட்கிறது.
இன்சுலின் வந்து தொட்டதும்
சிலிர்க்கத்தான் செய்கிறது சவ்வு.
உள்ளே போகிற வழியில்தான் சிக்கல்.
இருக்கக் கூடாத இடத்தில் துளித்துளியாய்
எரியாமல் மிஞ்சிய கொழுப்பு,
செய்தியைக் கைமாற்றும் கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு.
சொல் பாதியில் வழுக்கி விழுகிறது.
சர்க்கரையை ஏற்றிவர மேலே போகவேண்டிய படகுகள்
செல்லின் ஆழத்தில்
கட்டிய கயிற்றோடு கிடக்கின்றன.
வெளியே ரத்தத்தில் சரக்கு தேங்குகிறது.

கல்லீரல் வேறு,
"போதும் நிறுத்து" என்பது எட்டாமல்
விடிய விடியச் சர்க்கரை வடிக்கிறது,
பட்டினி கிடக்கும் வீட்டுக்குச் சமைப்பதுபோல.

பிலிமோன் பாதிதான் நம்பினான்.
"யார் தப்பு?" என்று கேட்டான்.
லித்தியானா சன்னலுக்கு வெளியே பார்த்தாள்:
அரிசி மூட்டை இறக்கும் கப்பல்,
அதன் பின்னால்
மீனை ஏற்றிக்கொண்டு கிளம்பும் கப்பல்.
"அடுத்த மாதம் வா" என்றாள்.
கதவருகே போனவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்:
"நட. இயங்குகிற தசை
அழைப்புக்குக் காத்திருக்காது.
படகுகள் தாமாக மேலே வரும்."

ஐந்து மணி.
தீவில் ஒரே சாலை,
ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல்.
டாக்சி வேகம் குறைக்கிறது,
கை நீட்டினால் போதும்.
இன்று நீட்டவில்லை.
செருப்புக்குள் பவழ மணல் உறுத்துகிறது.
முதுகுக்குப் பின்னால்
பகல் பணிக்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு
அதே கப்பலைக் கூப்பிடுகிறான்,
இன்னும் கொஞ்சம் சத்தமாக.