இருபத்து நான்கு சென்டிமீட்டர்

காலை ஆறு பத்துக்கு ஹெல்டுர் அழைத்தார்,
கடலின் மேல் நின்றுகொண்டு.
காற்று அவர் வாக்கியங்களைப் பாதி தின்றது.
எண் மட்டும் முழுதாக வந்து சேர்ந்தது:
இருபத்து நான்கு.
மூன்று இடத்தில் துளையிட்டுப் பார்த்தாராம்.
பாதையைத் திற, உர்வே.

திறப்பது என்றால்
ஊராட்சித் தளத்தில் ஒரு வரி.
'மூடப்பட்டுள்ளது' போய் 'திறந்துள்ளது' வரவேண்டும்.
அதற்காக அக்கரையில் தபால் வேன்
இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது.
டயாலிசிசுக்குப் போகவேண்டிய மீலி
பூட்சைக்கூடப் போட்டுக்கொண்டு
வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

வெளியிடக் காத்திருப்பவை நாற்பத்தொன்று
என்கிறது திரை.
தாலினில் யாரோ வரைந்த புது இலச்சினை
(எங்கள் ஆந்தையை வாத்தாக்கிவிட்டார்கள்),
இரண்டாம் பத்தியில் மூச்சு வாங்கி நிற்கும் தலைவர் உரை,
ஏப்ரல் மாதப் பள்ளிச் சாப்பாடு,
நாய் வரி.
அப்புறம் நூலகம்.

ஒரு சோற்றைத் தொட்டு
பானையைச் சொல்லும் கணக்கு இங்கே செல்லாது.
இந்தப் பானையில் வெந்ததே ஒன்றுதான்.
மற்றதெல்லாம் அரிசி.

நவம்பரில் புதுப் பையன் தானெல்
நீச்சல் குளத்தின் நேரத்தைத் திருத்தப் போய்
'அனைத்தையும் வெளியிடு' என்பதை அழுத்தினான்.
வாக்கெடுப்புக்கே வராத தீர்மானம்
தெருவில் இறங்கி நடந்தது:
நூலகம் ஜூன் முதல் மூடப்படும்.
எல்ஃப்ரீடெ
கம்பு ரொட்டியோடு கடை வரிசையில் நின்றபடி
முன்னால் நின்றவர் போனில்
தன் வேலை போனதைப் படித்தாள்.
பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட்டோம்.
எடுத்துவிட்டோம் என்று
சொல்லிக்கொள்கிறோம்.
இப்போதும் எனக்குப் புத்தகம் தருகிறாள்.
தேதி முத்திரையை மட்டும்
கொஞ்சம் ஓங்கிக் குத்துகிறாள்.

ஒரே ஒரு கட்டத்தில் குறியிட்டேன்.
திரை விடவில்லை.
இந்தப் பக்கம் வரைபடத்தைச் சார்ந்தது,
வரைபடம் புது வார்ப்புருவை,
வார்ப்புரு இலச்சினையை,
இலச்சினை எல்லாப் பக்கங்களையும்.
சேர்த்தே வெளியிடவா?

ஸ்வெட்டரில் துருத்திய ஒரு நூல்.
இழுத்தால் தோள்வரை பிரியும்.

வேண்டாம்.
வரைபடத்தின் இணைப்பைக் கத்தரித்தேன்.
வழியை எழுத்தாலேயே எழுதினேன்:
ஜூனிப்பர் கிளை நட்ட தடத்தில் மட்டும் போகவும்.
இரண்டரை டன்னுக்கு மேல் கூடாது.
வண்டிக்கு வண்டி இருநூற்றைம்பது மீட்டர்.
சீட் பெல்ட் போடாதீர்கள்.
நடுவில் நிற்காதீர்கள்.

பிறகு அழுத்தினேன்.
நாற்பத்தொன்று நாற்பதாயிற்று.
அவ்வளவுதான் சத்தம்.

நம்பாமல் ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்தேன்.
பழைய ஆந்தை அதே முறைப்போடு.
நாய்களுக்கு இன்னும் வரி இல்லை.
நூலகம்: திங்கள் முதல் வெள்ளி, பதினொன்று முதல் ஆறு.
வாக்கெடுப்பு மார்ச்சில்.

ஏழு இருபதுக்கு மறுபடி ஹெல்டுர்.
மத்தியானம் வெயில் ஏறினால் திரும்ப அளப்பேன்,
இருபத்திரண்டுக்குக் கீழே போனால் மூடிவிடு,
ஒரு வரிதானே?
ஒரு வரிதான்.

ஜன்னலில் தபால் வேனின் விளக்கு
கடல் நடுவே பொட்டாக வந்துகொண்டிருந்தது.
இக்கரையிலிருந்து மீலியை ஏற்றிய டாக்சி இறங்கியது.
நீண்ட இடைவெளி.
அப்புறம் ஒரு சிவப்புக் கார்.
எல்ஃப்ரீடெயுடையது.
வேலை நாள், பெல்ட் இல்லாமல்,
பெருநிலம் நோக்கி.

எங்கே போகிறாள் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.