மஞ்சள் பூச்சு

லூதோமிர்,
உன் மலையில் ஏறிவிட்டேன். நாற்பது மணி நேரம்.
ஏறினேன் என்று சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.
கை வைக்க வேண்டிய விளிம்பிலெல்லாம்
யாரோ முன்பே வந்து
மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ஆயிரம் ஆண்டாய் மனிதக் கால் படாத சிகரம் என்கிறது கதை.
அப்படியானால் வாளியும் தூரிகையுமாய்
எனக்கு முன்னால் ஏறியது யார்?
நீதான். தெரியும்.
விராத்ஸ்வாஃபில், மூன்றாம் மாடியில்,
நாற்காலியை விட்டு எழாமலே ஏறியிருக்கிறாய்.

ஒரு கதவு. அதில் மூன்று சக்கரங்கள்.
நான் இன்னும் பார்த்தே முடிக்கவில்லை,
கூட வந்த பெண் சொல்கிறாள்:
"நடுச் சக்கரத்தைத் திருப்பினால் என்ன?"
பதினோரு விநாடி. எண்ணினேன்.
தேநீரை ஊதிக் குடிக்கக்கூட
அதைவிட அதிக நேரம் ஆகும்.

வரைபடத்தைத் திறந்தால் அம்மை வார்த்த முகம்.
இறகு பொறுக்கு, முகாமை எரி, கோபுரம் ஏறு, இறகு பொறுக்கு.
துறைமுகத்தில் ஒரு ஷிப்ட் முடித்து வந்தவளுக்கு
வீட்டில் இன்னொரு ஷிப்ட்.
கூலி ஒரு தொப்பி.
தொப்பியின் நிறத்தை மாற்ற ஒன்பது ஸ்வோத்தி.
ஒரு நாள் நுழையாவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்கிறது:
ஆறு நாள் வந்தாய், ஏழாம் நாள் அறுந்துவிட்டது என்று.
உன் மனைவி, என் கூடப் பிறந்தவள்,
நான் வராத ஞாயிறுகளை இப்படி எண்ணுவதில்லை.

நிறுத்திவைக்கப் பொத்தான் இல்லை.
தனியாக ஆடும் ஆட்டம்தான்,
ஆனாலும் எங்கோ ஒரு சர்வர் விழித்திருக்கிறதாம்.
அடுப்பில் பீட்ரூட் சூப் பொங்கி வழிந்தபோது
திரையில் ஓர் ஓநாய் என்னைத் தின்றுகொண்டிருந்தது.
இரண்டு பக்கமும் சிவப்பு.
நான் துடைத்தது ஒரு பக்கத்தைத்தான்.

நல்லதையும் சொல்கிறேன்.
உன் பனி, பனி.
ஈரப் பனிக்கு ஒரு காலடி, உலர்ந்ததற்கு வேறு காலடி.
செய்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்.
ஆனால் கனம் எனக்குத் தெரியும்.
கிதீனியாவில் நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து
முப்பது டன்னைக் காற்றில் ஆடாமல் இறக்குகிறவள் நான்.
உன் நாயகனோ எழுபது வாளை
இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறான்.

போன குளிர்காலம் வேறொன்று ஆடினேன்.
மூன்று பேர் சேர்ந்து செய்தது. வரைபடம் கிடையாது.
வழி கேட்டால் மீன்காரி,
"எரிந்த ஆலை தாண்டி இடது பக்கம்" என்றாள்.
எரிந்த ஆலைகள் இரண்டு இருந்தன.
கன்டெய்னர் ரசீதின் பின்பக்கம் நானே வரைந்தேன், தப்பாக.
அந்தத் தப்பு இன்னும் என் மேலங்கிப் பையில் இருக்கிறது.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்று
குறையாகத்தான் சொல்வார்கள்.
அந்தக் காட்டுக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

ஞாயிறு மதியம், முட்டைக்கோஸை நறுக்கியபடி
நீ மெதுவாகச் சொன்னாய்:
"நூறு பேரை உட்காரவைத்துப் பார்த்தோம், பொக்னா.
அறுபத்திரண்டு பேர் அந்தப் பாறை முன்னால்
நின்று, நின்று,
அணைத்துவிட்டுப் போனார்கள்.
ஒருவர் அழுதார்."
எனக்குப் பதில் வரவில்லை.
அந்த ஒருவர் அன்றிலிருந்து என்னோடு இருக்கிறார்.

இன்று விடியலில் மூடுபனி. கிரேன் ஏணி பாதிக்கு மேல் இல்லை.
படியின் விளிம்பில் மஞ்சள்.
கை தானாகப் போய் அதைப் பிடித்தது.
அடித்தது யார் என்று கேட்கவில்லை.
நன்றி என்றேன், வாய்விட்டே.

ஆனால் இங்கே விழுவது ஒரே ஒரு முறை.
அங்கே ஆயிரம் உயிர் கொடுத்துவிட்டு
ஒன்றையும் செலவழிக்க விடமாட்டேன் என்கிறாய்.
அழுதவருக்கு மஞ்சள் வை.
எனக்கு ஒரு பொத்தான் வை, அழுத்தினால் வெறும் பாறை.

இறகுகளில் தொண்ணூற்றொன்பது பொறுக்கிவிட்டேன்.
கடைசி ஒன்றுக்கு மட்டும் வரைபடத்தில் குறி இல்லை.
மறந்துவிட்டாயா, வேண்டுமென்றேவா?
சொல்லிவிடாதே.