சிறுகுடல் சாமிக்கு விரதம்

பெயரில் ஆரோக்கியம் இருக்கிறது எனக்கு.
ஆரோக்கியமேரி.
ரத்தத்தில்தான் இல்லை.
ஆறு வருஷமாக ஏழு, ஏழரை.
கிரானைட் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள் நான்.
போட்டுக்கொண்டே இருந்தும் ஒரு தொகை ஏறவில்லை என்றால்
எங்கோ ஒழுகுகிறது என்று தெரியும்.
எங்கே என்றுதான் தெரியவில்லை.

இரும்பு மாத்திரை, ஈரல், பேரீச்சை, முருங்கைக்கீரை.
"அரிசியைக் குறைங்க, ராத்திரிக்குச் சப்பாத்தி"
என்றார் பெங்களூர் ரோட்டு டாக்டர்.
இரண்டு வருஷம் பக்தியோடு தேய்த்தேன்.
மருந்தென்று நம்பி, இரவுதோறும் மூன்று.

ஓசூரில் குழாய் விட்டுப் பார்த்த பெண் டாக்டர்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
குடலின் உள்சுவரில் புல் மாதிரி நிற்க வேண்டுமாம்.
எனக்கு ஆடு மேய்ந்துபோன கரடு.
"கோதுமை. ஆயுசுக்கும் வேண்டாம்.
மைதா, ரவை, சேமியா எல்லாம் அதே குடும்பம்.
பெருங்காயம் வாங்கினால் டப்பாவைப் படியுங்கள்."
பெருங்காயமா?
படித்தேன்.
இத்தனை நாள் என் சாம்பாரில்
ஒரு சிட்டிகை மாவு, மாறுவேஷத்தில்.

"நம்ம ஊர்ல என்ன கவலை, ராகி இருக்கே."
சொல்லாதவர் இல்லை.
ராகி இருக்கிறது. அரைக்க மில் ஒன்றுதான் இருக்கிறது.
எனக்கு முன்னால் நிற்பவர் பையில் கோதுமை என்றால்
அவர் வீட்டுச் சப்பாத்தியில் கொஞ்சம்
என் களிக்கு வந்துவிடும்.
அதனால் காலை ஆறுக்கு, ஷட்டர் பாதி ஏறும்போதே நிற்கிறேன்.
முதலில் ஒரு படி அரிசி போட்டு
மெஷினின் வாயைக் கழுவச் சொல்கிறேன்.
முனிரத்தினம் ஒருமாதிரி பார்த்தார்.
"எந்த சாமிக்கும்மா விரதம்?"
"சிறுகுடல் சாமிக்கு."

கொழுந்தன் மகள் கல்யாணத்தில்
"ஒரு துண்டு கேக் என்ன பண்ணிடும்" என்றார்கள்.
என்ன பண்ணும் என்பது
பந்தலில் நின்று விவரிக்கிற விஷயம் இல்லை.
பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கல்லின் மேல்
இரண்டு கரண்டிகள் தாளம் போடும்போது
ஆசையே இல்லை என்று சொன்னால்
அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சேர்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது:
அந்த வெள்ளை வட்டமும் கோதுமை.
"அது ஆண்டவரின் உடல்" என்றார் ஃபாதர்.
"எனக்குத் தெரியும் ஃபாதர்.
என் குடலுக்குத்தான் தெரியவில்லை."
அவர் சிரிக்கவில்லை.
ஆயருக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார்.

கடிதம் போய்த் திரும்பிய ஐந்து ஞாயிறும்
கைகளை மார்பில் குறுக்கே வைத்து வரிசையில் போனேன்.
ஆசீர் மட்டும் வாங்கித் திரும்பினேன்.
நாலாம் பெஞ்சில் பிலோமினா
மருமகள் காதுக்குக் குனிந்தாள்.
என் பாவம் என்னவென்று
ஊரில் மூன்று கதை உலவியதாம்.
ஒன்றில் எங்கள் கம்பெனி சூப்பர்வைசரும் இருந்தார்.
பாவம், அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி
லீவில் இருந்த மாதம் அது.
சவரிமுத்து சிரித்தார். இரண்டு நாள் கழித்துத்தான் சிரித்தார்.

பதில் வந்தது. இரசம் மட்டும் தரலாம்.
பூசைக் கிண்ணத்தில் அப்பத்துணுக்கு ஒன்று விழுமே
என்று கேட்கத் தயங்கி நின்றேன்.
பீடத்தில் ஏற்கெனவே
சின்னதாகத் தனிக் கிண்ணம் ஒன்று இருந்தது.
ஒரு மிடறு.
உதட்டோரப் புண்ணில் சுரீர் என்றது.
ஆமென்.

இப்போது ரத்தம் ஒன்பது புள்ளி நாலு.

நேற்று மில்லுக்குத் தாமதம். ஏழரை.
தீபாவளிக் கூட்டம், தரையெல்லாம் மாவு.
பையைத் தூக்கித் திரும்பப் பார்த்தேன்.
தலைமுதல் கால்வரை வெள்ளையாக முனிரத்தினம்
மூலை மெஷினைக் கைகாட்டினார்.
அரிசி ஓட்டி, சாக்குப் போட்டு மூடி,
ஒருத்தரையும் தொடவிடாமல்.
நான் கிட்டே போனேன்.

"அங்கயே நில்லும்மா.
என் சட்டையெல்லாம் கோதுமை.
பையன் குளிச்சிட்டு வர்றான்."