பதினோராம் கிணறு

இரவு ஒன்பதேகால். நாகமலைப் பக்கம் கரண்ட் போய்
பேச்சிராணியின் கட்டம் கருத்தது.
குரல் மட்டும் நின்றது:
"அந்த ஒரு புள்ளிய எடுத்துட்டா
கோடு நேராயிரும், மேடம்."

துவரிமான், பதினோராம் கிணறு.
நைட்ரேட் மற்றதெல்லாம்போல் நாலு மடங்கு.

கருவிக் கோளாறு என்றான் இர்பான், சிந்தாமணியிலிருந்து.
அவன் பின்னால் தோசைக்கல்லில்
தண்ணீர் தெளிக்கும் சத்தம்.
திரும்ப அளந்தீங்களா என்றாள் ஜெசிந்தா.
அளக்கவில்லை. குப்பி காலி.
ஆய்வேடு வெள்ளிக்கிழமை.

இதுவரை வாய் திறக்காத சோலைமலை சொன்னான்:
"அந்த வீட்டுல அதே தண்ணியிலதான்
எங்களுக்குக் காப்பி போட்டாங்க.
ஒரு கைக்குழந்தை இருந்துச்சு."

அப்புறம் கொஞ்ச நேரம்
மின்விசிறிகள்தான் விவாதித்தன.

தீர்ப்பு நான் சொல்லமாட்டேன்,
நீங்களே பேசி முடிவெடுக்க வேண்டும்
என்பது வகுப்பின் விதி.
எனக்கு வசதியான விதி.
இருபது வருடத்துக்கு முந்தைய என் ஆய்வேட்டில்
எழுபத்திரண்டாம் பக்கம்
ஒரு கோடு
ரொம்பவும் நேராக இருக்கிறது.

எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன்.
அவர்கள் திரையில் மூன்று புள்ளிகள்
எழும்பி எழும்பி
காணாமல் போயிருக்கும்.

"மேடம், என்னமோ டைப் பண்ணீங்களே?"
என்றாள் பேச்சிராணி,
இருட்டிலிருந்து.