அறுபது ஜிபி

குகேந்திரன் விட்டுப்போன மடிக்கணினி.
"ஒண்டையும் அழிச்சுப்போடாதை,
வந்து எடுக்கிறன்" என்றான்.
மூன்று பனிக்காலம் போய்விட்டது.

பீல் நகரில் தெருவுக்கே இரண்டு பெயர்,
ஒரே பலகையில், மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
திங்கள் வகுப்புக்கு எனக்கு லினக்ஸ் வேண்டும்.
புதிது வாங்க எழுநூறு பிராங்க்.
கையில் இருப்பது வாடகைக் காசு.

யூஎஸ்பியைச் செருகினேன்.
வட்டை முழுதாய் அழித்து நிறுவவா?
அந்தப் பொத்தான் ஏற்கெனவே தெரிவாகிக் கிடந்தது,
என்னைத் தெரிந்ததுபோல.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிலவறையில் என் முறைச் சலவை,
எட்டு மணிக்குள் சாவி கொடுக்கவேண்டும்.

பிறகு மற்றதைத் தொட்டேன்.
நீலப் பட்டையின் ஓரத்தைப் பிடித்து
மெதுவாய் இடப்பக்கம் இழுத்தேன்,
கட்டிலில் குறுக்கே தூங்குகிறவனை
எழுப்பாமல் சுவரோரம் தள்ளுவதுபோல.
அறுபது ஜிபி வெறும் இடம்.

நாற்பது நிமிடம்.
துணி உலர்ந்தது, சாவி கொடுத்தாயிற்று.
புதியது எழும்பியபோது
ஓரத்தில் அவன் வட்டும் நின்றது.
அவன் கடவுச்சொல் எனக்குத் தெரியாது,
ஒருநாளும் கேட்டதில்லை.
இந்தப் பக்கத்தால் போனால் அது தேவையே இல்லை.

சொடுக்கினேன்.
வரி. படங்கள். பெயர் வைக்காத நாலு.
பிறகு, ஆஸ்பத்திரி.
எந்த ஆஸ்பத்திரி?
மூடினேன்.

திரும்ப இயக்க, இரண்டு வரி,
பத்து நொடி.
ஆறு வரும்போது அம்புக்குறியைக் கீழே இறக்கினேன்,
பழுதில்லையா என்று பார்க்கத்தான்.
அவன் பெயர்.
அதன்கீழ் வெறும் பெட்டி, துடிக்கிற கோடு.

ஒண்டும் அழியேல்லை.